பூச்சோங் மாமாவின் தீர்ப்பு

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிறு இரவு

அன்புள்ள சரவணா,

மூன்று மாதமாய்ப் பதில் போடாதவனைத் திட்டியது போதும், கேள். பெரியக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று நீ அனுப்பிய குரல்பதிவே நெஞ்சை அடைத்தது. அதற்கு மேல் பூச்சோங் மாமா கட்டில் பக்கத்தில் நின்று, "மகன் கவலைதான் இவளைத் தின்னுடுச்சு" என்று தீர்ப்பு வேறு சொன்னாராமே! காடிக்கு எஞ்சின் எண்ணெய் மாற்ற அவர் சொன்ன யோசனையே நமக்கு ஆயுசுக்கும் போதும்.

முதலில் அக்கா மகன் குமாரைக் கூப்பிட்டுப் பேசு. பையன் இந்நேரம் தன்னைக் குற்றவாளியாகவே நினைத்திருப்பான். மன உளைச்சல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. ஐரோப்பாவில் 12 ஆய்வுகளைச் சேர்த்து 116,056 பேரின் வேலை அழுத்தத்தை அலசி 2013இல் வெளியிட்டார்கள். மார்பகம், பெருங்குடல், நுரையீரல், புரோஸ்டேட் எதிலும் தொடர்பு தென்படவில்லை. புற்றுநோயை வரவழைக்கும் மனித குணம் ஒன்று உண்டு என்று உளவியலாளர் ஐசன்க் கூட்டாக எழுதிய 26 கட்டுரைகளை, 2019இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியே நம்பத்தகாதவை என்று சொல்லிவிட்டது.

மாமா பேச்சில் துளி உண்மை இருப்பது வேறு இடத்தில். ஏற்கெனவே வந்துவிட்ட கட்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதில். பயம் நீடித்தால் நரம்பு முனைகளில் நோரட்ரீனலின் என்ற பதற்ற இரசாயனம் சுரந்துகொண்டே இருக்கும். அதைப் பிடிக்கும் பீட்டா ஏற்பிகள் பல கட்டிகளில் உண்டு. 2006இல் சினைப்பைக் கட்டி உள்ள எலிகளை நாள்தோறும் சில மணி நேரம் அசைய விடாமல் அடைத்தார்கள். கட்டி விஇஜிஎஃப் என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரந்து, புது இரத்தக்குழாய்களை இழுத்துக்கொண்டு வளர்ந்தது. புரோப்ரனோலால் என்ற மருந்து கொடுத்து அந்த ஏற்பியை அடைத்ததும் அந்த வேகம் அடங்கியது. 2010இல் மார்பகக் கட்டி எலிகளில் இன்னும் விசித்திரம்: மூலக் கட்டி அவ்வளவாக மாறவில்லை, பரவல் மட்டும் ஏறக்குறைய 30 மடங்கு. மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்களே கட்டிக்குள் குவிந்து பரவலுக்கு வழிவிட்டன. வேலியே பயிரை மேய்ந்த கதை.

ஆனால் அக்கா எலி இல்லை. நோயாளிகள் கூடும் ஆதரவுக் குழுவில் பேசினால் ஆயுள் கூடும் என்று 1989இல் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர் சொன்னார். 2001இல் 235 பெண்களை வைத்துப் பார்த்தபோது ஆயுள் கூடவில்லை, மனவேதனையும் வலியும்தான் குறைந்தன. எனக்கு அதுவே பெரிது. ஆகவே "தைரியமா இரு, சரியாயிடும்" என்று யாரும் அக்கா தலையில் ஏற்ற வேண்டாம். அழ வேண்டுமென்றால் அழட்டும், கட்டி அதனால் வளராது.

இனி வேலையைக் கவனி. கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். அது தூக்கத்தைக் கெடுக்கும். அக்கா இரவெல்லாம் விழித்திருந்தால் கவலை என்று முடிவு கட்டாமல், அந்த மாத்திரையைக் காலை, மதியச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்ளலாமா என்று மருந்தாளரிடம் கேள். மன உளைச்சலுக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போடச் சொல்லும் ஒரு தாள் உண்டு. நான்கோ அதற்கு மேலோ வந்தால் தாதியிடம் சொல்லி மருத்துவச் சமூகப் பணியாளரையோ மனநல மருத்துவரையோ பார்க்க வை. பயம் உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது இங்கேதான்: தவறவிட்ட தவணை, பாதியில் நிறுத்திய மாத்திரை.

நான் மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாராவது புரோப்ரனோலால் வாங்கி வந்தால் பிடுங்கி வை. அக்காவுக்கு இழுப்பு உண்டு, அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். அத்தை அனுப்பிய அமுக்கராப் பொடியையும் எடுத்து ஒளித்து வை. கல்லீரலைப் பாதித்த சம்பவங்கள் உண்டு, கீமோ நேரத்தில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

திசுச் சோதனை அறிக்கையில் கட்டி எந்த வகை என்று காட்டும் ஈஆர், பிஆர், ஹெர்-2 என்று மூன்று வரி இருக்கும். படம் எடுத்து நாளைக்கே அனுப்பு. வெள்ளி மாலை இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த்திலிருந்து வருகிறேன், கேஎல் செண்ட்ரல் நிலையத்தில் காத்திரு. மாமாவை மட்டும் கூட்டி வராதே.

மாறன்