ஆக்சிஜனோடு மூன்று வாரம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை, ஆக்சிஜன்தான் காரணம். துகள்களைப் பதிவுசெய்யும் டிடெக்டரின் வாயு அமைப்பை உன் பொறுப்பில் விட்டுவிட்டார்கள் என்றும், அது வெறும் பிளம்பர் வேலை என்றும் குறைப்பட்டிருந்தாய். அதைப் படித்தபோது நான் கசிவைத் தேடிக் குழாய் இணைப்புகளில் சோப்புநீர் தடவிக்கொண்டிருந்தேன்.

ஆர்கான் நிரம்பிய கலனில் ஒரு துகள் பாயும்போது சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ நூறு எலெக்ட்ரான்களைத்தான் விட்டுச் செல்கிறது. அவை கலனுக்குள் இருக்கும் மின்னழுத்தக் கம்பியை அடைந்து பல்லாயிரம் மடங்கு பெருகினால்தான் நமக்குச் சமிக்ஞை. இயற்பியலாளர் சார்பாக் 1968இல் செர்ன் என்னும் ஐரோப்பியத் துகள் ஆய்வகத்தில், இவ்வகைக் கம்பிகள் பல கொண்ட ‘பல கம்பி அறை’யை அமைத்த நாளிலிருந்து இதுவே கதை.

எங்கள் வெளியேறும் குழாயில் ஒரு சிறு கண்காணிப்பு அறை இருக்கிறது. இரும்பு-55 என்ற கதிரியக்க இரும்பு உமிழும் 5.9 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எக்ஸ் கதிர் அதன் சமிக்ஞை வரைபடத்தில் ஒரு பெரிய முகட்டையும், ஏறக்குறைய பாதி ஆற்றலில் ஒரு சிறு மேட்டையும் வரையும். ஒரு நள்ளிரவில் முகடு வலப்பக்கம் நகர்ந்ததைக் கண்டு, கலவை விகிதம் கெட்டுவிட்டதென்று இளைஞர் ஒருவர் என்னை எழுப்பினார். புயல் நெருங்கியதால் காற்றழுத்தம் இறங்கி, வாயு மெலிந்து, பெருக்கம் கூடியிருந்தது, அவ்வளவுதான். அழுத்தத்துக்கும் வெப்பநிலைக்கும் திருத்திப் பார்த்ததும் கோடு நேராகிவிட்டது.

உண்மையான பழுது ஓசையில்லாமல் வந்தது. ஆக்சிஜன் மானி 20 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 20 பங்கு) 90க்கு ஏறியது. ஆனால் இரும்பு-55 முகடு அசையவேயில்லை. அந்தச் சிறு அறையில் எலெக்ட்ரான்கள் கடக்கும் தொலைவு சில மில்லிமீட்டர்தான். பெரிய கலனிலோ ஒரு மீட்டருக்கு மேல், வழியெல்லாம் ஆக்சிஜன் அவற்றைப் பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. தொலைவிலிருந்து வந்த தடங்களின் சமிக்ஞை மட்டும் மெலிந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் மானி பொய் சொல்லவில்லை என்று நம்பினேன்.

எந்த இணைப்பிலும் ஒரு குமிழிகூட வரவில்லை. கடைசியில், யாரோ அவசரத்துக்குச் செருகிவிட்டுப் போன இரண்டு மீட்டர் மென்பிளாஸ்டிக் குழாய் அகப்பட்டது. உள்ளே அழுத்தம் அதிகமாக இருக்கையில் காற்று எப்படி நுழையும் என்று கேட்பாய், நானும் கேட்டேன். ஆனால் ஆக்சிஜன் மொத்த அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, தன் பங்கழுத்தத்தை மட்டுமே பார்க்கிறது: வெளியே 21 சதவீதம், உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆகவே ஓட்டையே இல்லாத குழாயின் சுவர் வழியாகவும் அது ஊடுருவி வந்துகொண்டிருந்தது. துருப்பிடிக்காத எஃகுக் குழாய் மாற்றிய மறுநாள் மானி பழைய இடத்துக்குத் திரும்பியது.

உன்னுடையவை பேக்கலைட் என்ற பிசின் தட்டுகளுக்கிடையே வாயு ஓடும் அறைகள் என்பதால் ஒன்றை மறவாதே: எனக்கு அழுக்காக இருக்கும் நீராவி உனக்குத் தேவை. வாயு உலர்ந்துபோனால் தட்டுகளின் மின்தடை ஏறிவிடும். எனவே ஈரப்பத மானியை முதலில் சரிபார். அவற்றில் ஓடும் ஆர்-134ஏ வாயு கசிந்தால் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்கும் என்பதால், மறுசுழற்சியில் எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு தொலைகிறது என்ற கணக்கையும் எனக்கு எழுது.

அந்தப் பிளாஸ்டிக் குழாயை எறியவில்லை. என் மேசையிலேயே கிடக்கிறது. நீ வரும்போது காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பிளம்பர்