அந்த ஓவியத்தை எழுதியது யார்?

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய உன் நாவலின் ஒன்பது அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். வடக்குக் கோட்டையின் முற்றுகை வந்த இரவு தூக்கமே இல்லை. கொல்லன் வாளைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கும் இடத்தை எழுத நீ எவ்வளவு படித்திருப்பாய் என்று வியந்தேன். பாணர்களுக்கு ஒரு முழு அத்தியாயமே கொடுத்திருக்கிறாய். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் நான்காம் அத்தியாயத்தில், அரசவை மண்டபத்தில், "சுவரில் மறைந்த அரசரின் ஓவியம் ஒன்று தொங்கியது" என்று ஒரு வரி வருகிறது. அடுத்த வரியில் உன் கதாநாயகி அதைக் கடந்து போய்விடுகிறாள். என்னால் கடக்க முடியவில்லை. அதை எழுதியது யார்?

எழுதியது என்றுதான் கேட்கிறேன். பழைய தமிழில் சித்திரத்தையும் எழுதத்தான் செய்தார்கள். கண்ணுக்கு மையையும் எழுதினார்கள். பாட்டு எழுதுகிறவனும் படம் எழுதுகிறவனும் ஒரே வினைச்சொல்லைப் பகிர்ந்துகொண்ட மொழி இது. அந்த மொழியில் ஒரு மிகுபுனைவு உலகத்தைக் கட்டுகிற நீ, பாணனுக்கு ஓர் அத்தியாயமும் ஓவியனுக்கு ஒரு வரியும் கொடுத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உன்னை மட்டும் சொல்லவில்லை. இந்த வகைக் கதைகள் பலவற்றிலும் இதே நிலைதான். வரைபடம் இருக்கும், நாணயம் இருக்கும், மந்திரத்துக்கு இலக்கணம் இருக்கும். ஓவியம் என்றால் யாராவது ஒளிந்துகொள்ள ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான். முப்பது ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்தவனுக்கு இது புதிதில்லை. கால அட்டவணையில் கணக்குக்கு நேரம் போதவில்லை என்றால் முதலில் பறிபோவது என் வகுப்பாகத்தான் இருந்தது.

உன் கோட்டையில் கல்லெல்லாம் சாம்பல் நிறம். அது இன்று நாம் பார்க்கும் நிறம், கண்ணம்மா. ஐரோப்பாவின் இடைக்காலத்துத் தேவாலயங்களின் உட்சுவர்களில் வண்ணம் இருந்தது. வாசலில் நின்ற கற்சிலைகளுக்கும் உதடு சிவப்பாக, ஆடை நீலமாக வண்ணம் பூசியிருந்தார்கள். மழையும் வெயிலும் நூற்றாண்டுகளும் அதைத் தின்றுவிட்டன. மிச்சத்தில் ஒரு பங்கைப் பின்னால் வந்தவர்கள் சுண்ணாம்பு அடித்து மூடினார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு படம் எவ்வளவு அரிது என்பதையும் நினைத்துப் பார். நாம் ஒரு காலைப்பொழுதில் கைபேசியில் தள்ளிவிடும் அளவு படங்களை ஓர் உழவர் வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்க மாட்டார். இத்தாலியின் சியன்னா நகரில் தூச்சோ என்ற ஓவியர் பேராலயத்தின் பலிபீடத்துக்காகப் பெரிய ஓவியம் ஒன்றை எழுதினார். 1308இல் ஒப்பந்தம், 1311 ஜூன் 9 அன்று அது பட்டறையிலிருந்து கோவிலுக்குப் புறப்பட்டது. அன்று கடைகளை அடைத்தார்கள், மணிகளை அடித்தார்கள், ஊரே ஊர்வலமாக அதன் பின்னால் நடந்தது. உன் கதையில் மக்கள் தெருவுக்கு வருவதெல்லாம் போருக்கும் முடிசூட்டுக்கும் மட்டும். ஒரு முறையாவது ஓர் ஓவியத்துக்காக வரட்டுமே.

இனி நிறத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நீட்டி எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்.

அரசரின் ஓவியத்தில் நீலம் இருக்கிறதா? இருந்தால் அது எங்கிருந்து வந்தது? இடைக்காலத்தின் உயர்ந்த நீலம், இன்றைய ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் சார்-இ-சங் சுரங்கத்தில் வெட்டிய லாபிஸ் லசூலி கல்லிலிருந்து வந்தது. கடல் கடந்து வந்ததால் ஐரோப்பாவில் அதற்கு 'அல்ட்ராமரின்', அதாவது கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்றே பெயர். கல்லை இடித்துப் பொடித்தால் மட்டும் நீலம் கிடைக்காது. வெறும் சாம்பல் நிறம்தான் மிஞ்சும். 1400ஐ ஒட்டி ஓவியர்களுக்குக் கைந்நூல் எழுதிய சென்னீனோ சென்னீனி வழி சொல்கிறார்: பொடியை மெழுகோடும் பிசினோடும் பிசைந்து உருண்டையாக்கி, மூன்று பகல் மூன்று இரவாவது வைத்திருந்து, பிறகு சாம்பல் காரநீரில் அமிழ்த்திப் பிசைய வேண்டும். நீலம் மெல்ல நீரில் இறங்கும். முதல் பிசைவில் இறங்குவதே உயர்ந்தது. 1485இல் புளோரன்சில் கிர்லாந்தாயோ என்ற ஓவியரோடு செய்த ஒப்பந்தத்தில், நீலம் அவுன்ஸுக்குச் சுமார் நான்கு ஃப்ளோரின் (அந்நகரத்துப் பொற்காசு) தரத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியே வாங்கியிருக்கிறார்கள். அரசரின் மேலங்கி எந்த நீலம் என்று பார்த்தாலே கருவூலத்தின் நிலை தெரிந்துவிடும். உன் கதாநாயகி உளவு பார்க்க வந்தவள்தானே? அந்தச் சுவரின் முன் அவள் நிற்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

சிவப்புக்குச் சாதிலிங்கம்: பாதரசமும் கந்தகமும் சேர்ந்து சூடேறிப் பிறப்பது. மஞ்சளுக்கு அரிதாரம், அது நஞ்சு. வெள்ளைக்கு, காடியின் ஆவியில் ஈயத்தை வைத்து எடுத்த ஈய வெள்ளை, அதுவும் நஞ்சு. பச்சைக்குச் செம்பில் பிடிக்கும் களிம்பு. இந்தப் பட்டியலைப் பார்த்தால் ரசவாதியின் அறைபோல் இல்லையா? புளோரன்சின் ஓவியர்கள் மருத்துவர்களும் மருந்து வணிகர்களும் இருந்த சங்கத்தில்தான் உறுப்பினர்கள். நிறங்களை விற்றவர்கள் மருந்துக்கடைக்காரர்கள். உன் ஆறாம் அத்தியாயத்தில் ஒரு மூலிகைக் கிழவி வருகிறாளே, அவள் கடையின் பின்கட்டில் அரைகல்லும் குழவியும் வைத்து நிறம் அரைக்கிற ஒரு பெண்ணை உட்கார வை. வேறெதுவும் நீ புதிதாகக் கட்ட வேண்டாம்.

பெண்ணா என்று யாராவது கேட்டால், ஜெர்மனியின் டால்ஹைமைச் சொல். அங்கே ஒரு மடத்தின் இடுகாட்டில் 997க்கும் 1162க்கும் இடைப்பட்ட காலத்தில் இறந்த ஒரு பெண்ணின் பற்களை ஆராய்ந்தார்கள். பற்காரையில் லாபிஸ் நீலத் துகள்கள் இருந்தன. சுவடியில் சித்திரம் எழுதும்போது தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியிருப்பாள் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கங்களில் முதன்மையானது. முடிவு 2019இல் வெளிவந்தது. ஆயிரம் ஆண்டுகளாக அவள் செய்த வேலைக்குப் பற்களே சாட்சியாக இருந்திருக்கின்றன. இதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது.

போன வாரம், அரைத்த நிறத்தைப் பலகையில் ஒட்டவைக்கும் முட்டைக்கருப் பசையை நானே செய்து பார்த்தேன். முட்டையை உடைத்து, வெள்ளைக்கருவை வழியவிட்டு, மஞ்சள்கருவை ஓர் உள்ளங்கையிலிருந்து மறு உள்ளங்கைக்கு மாற்றி மாற்றி உருட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் கையைத் துடைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அதன் தோல் உலர்ந்து, விரல்களால் தூக்கும் அளவுக்கு வந்துவிடும். தூக்கிப் பிடித்து ஊசியால் குத்தினால் கரு கீழே கிண்ணத்தில் இறங்கும். விரலில் வெறும் தோல் மிஞ்சும். அதில் சில துளி தண்ணீர், பிறகு அரைத்த நிறம். தூரிகை பலகையை விட்டு எழுவதற்குள் உலர்ந்துவிடுகிறது. ஒரு நிறத்தை இன்னொன்றில் குழைத்து இழைக்க முடியாது. ஆகவே ஒரு கன்னத்தின் வளைவை முடிபோன்ற கோடுகளால், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, ஆயிரக்கணக்கில் எழுத வேண்டியிருக்கிறது. இளையவர்களின் முகத்துக்கு நகரத்துக் கோழியின் வெளிறிய மஞ்சள்கரு, முதியவர்களின் முகத்துக்கு நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கரு என்று சென்னீனி பிரித்துச் சொல்கிறார்.

"மந்திரவாதிகள் இருக்கும் உலகத்தில் இவ்வளவு பாடு எதற்கு அப்பா?" என்று நீ கேட்பாய். உன் மந்திரவாதி கையை அசைத்தால் காற்றில் ஒரு முகம் தோன்றுகிறது. அவன் தூங்கினால் அது கலைந்துவிடுகிறது என்று நீயே இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறாய். பலகையில் எழுதிய முகம், எழுதியவன் செத்த பிறகும் இருக்கும். உன் உலகத்தில் மந்திரம் செய்ய முடியாத ஒன்றை ஓவியர் செய்கிறார். அதை அந்த உலகத்து மனிதர்கள் உணர்ந்திருக்க வேண்டாமா? மந்திரவாதிகளே அவரைக் கண்டு சற்றுப் பொறாமைப்பட்டாலும் எனக்கு வியப்பில்லை.

டிராகனுக்கும் இது பொருந்தும். 1255இல் பிரான்சின் ஒன்பதாம் லூயி இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றிக்கு ஒரு யானையைப் பரிசாக அனுப்பினார். அதுவரை அங்கே சுவடிகளில் யானையை எழுதியவர்களில் பெரும்பாலோர் யானையைப் பார்த்ததே இல்லை. மாத்யூ பாரிஸ் என்ற துறவி லண்டனுக்கு வந்த யானையைக் கண்ணால் பார்த்து எழுதினார். பக்கத்தில் பாகனையும் நிறுத்தி, இந்த மனிதனின் அளவைக் கொண்டு விலங்கின் அளவை ஊகித்துக்கொள்ளுங்கள் என்று குறிப்பும் எழுதினார். உன் நாட்டில் டிராகனை நேரில் பார்த்து உயிரோடு திரும்பியவர்கள் மூன்று பேர் என்கிறாய். அவர்களில் ஒருவர் ஓவியராக இருந்தால், அந்த ஒரு தாளுக்காகப் படைகள் மோதிக்கொள்ளும்.

தூது அத்தியாயத்துக்கும் ஒன்று சொல்கிறேன். 1428இல் பர்கண்டிக் கோமகன் பிலிப், போர்ச்சுகல் இளவரசி இசபெல்லாவைப் பெண் கேட்டு அனுப்பிய தூதுக்குழுவில் யான் வான் ஐக் என்ற ஓவியரும் போனார். இளவரசியின் முகத்தை இரண்டு பிரதிகளாக எழுதி, ஒன்றைக் கடல் வழியாகவும் மற்றதைத் தரை வழியாகவும் அனுப்பினார்கள். ஒன்று தொலைந்தாலும் மற்றது சேரவேண்டும். இரண்டு படங்கள், இரண்டு பாதைகள். வழியில் ஒன்றை மட்டும் யாரோ மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதை உன்னிடமே விடுகிறேன்.

இன்னும் உண்டு. இத்தாலிய நகரங்களில் துரோகிகள் தப்பி ஓடிவிட்டால், அவர்கள் தலைகீழாகத் தொங்குவதுபோல் பொதுக் கட்டடத்தின் சுவரில் எழுதிவைத்தார்கள். பைசாந்தியப் பேரரசில் வழிபாட்டுக்குப் படங்கள் வைக்கலாமா கூடாதா என்ற சண்டை எட்டாம் நூற்றாண்டில் மூண்டு 843இல்தான் ஓய்ந்தது. உன் வனதேவதைகள் பூசகர்கள் முன் நேரிலேயே தோன்றுகிறார்கள். அப்படியென்றால் அவர்களை எழுத யாருக்கு அனுமதி? எழுதிய முகம் பிடிக்காமல் தேவதை கோபித்துக்கொண்டால்? இதையெல்லாம் ஒரே நாவலில் திணிக்கச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் திறந்து பார்.

இத்துடன் கையகலப் பலகை ஒன்றை அனுப்புகிறேன். உன் மறைந்த அரசரைத்தான் எழுத ஆரம்பித்தேன். பின்னணிக்குத் தங்க ரேக்கு ஒட்டிவிட்டேன். மேலங்கி நீலமாகிவிட்டது. முகத்தில், அந்தக் கால முறைப்படி, முதல் பூச்சான பச்சை மண் நிறம் மட்டும் இருக்கிறது. தோலின் நிறம் அதன் மேல்தான் ஏற வேண்டும். உன் பக்கங்களை எத்தனை முறை புரட்டினாலும் அவர் எப்படி இருப்பார் என்பது எங்கும் இல்லை. சாகும்போது அவருக்கு என்ன வயது என்று எழுதி, பலகையோடு திருப்பி அனுப்பு. எந்தக் கோழியின் முட்டை என்று அதைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்ய வேண்டும்.

அன்புடன்,
அப்பா