அந்த நான்கு வரிகள்

மதிப்புக்குரிய சார்,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மணிவிழாவுக்கு நான் வரவில்லை. மேடமே போன் செய்து அழைத்தார். உடம்பு சரியில்லை என்றேன். அது பொய். நம் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி இதழுக்கு எழுதிவிட்டு, உங்கள் காலில் விழுந்து ஆசி வாங்க எனக்கு முகம் இல்லை.

ஊரும் கல்லூரியும் இங்கே வேண்டாம். உங்கள் மற்ற மாணவர்களும் இதைப் படிப்பார்கள்.

எனக்கு அந்த ஒரு சாயங்காலம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. சோதனை முடிந்து இரண்டு நாளாகியும் செமினார் அறையில் நெய் வாசனை போகவில்லை. ஆசையை அடக்கினால் மன உறுதி தீர்ந்துபோகும் என்று காட்ட 1998-இல் அமெரிக்காவில் சாக்லேட் பிஸ்கட் வைத்துச் செய்ததை நாம் மைசூர்பாகு வைத்துச் செய்தோம். முள்ளங்கி மட்டும் அதேதான். ஆசையை அடக்கி முள்ளங்கி தின்றவர்கள் தீர்க்கவே முடியாத புதிரைச் சுமார் 8 நிமிடத்தில் கைவிட்டார்கள், இனிப்புத் தின்றவர்கள் 19 நிமிடம் தாக்குப்பிடித்தார்கள் என்பது அவர்கள் கணக்கு. நம் எம்பிஏ பிள்ளைகளிடம் அவ்வளவு வித்தியாசம் வரவில்லை. உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வரும் வாய்ப்பைச் சொல்லும் பி மதிப்பு 0.05-க்குக் கொஞ்சம் மேலேயே நின்றது. அதற்குக் கீழே வந்தால்தான் முடிவைப் பொருட்படுத்துவார்கள்.

நீங்கள் பிரிண்ட் அவுட்டை மேஜையில் விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பென்சிலோடு வரி வரியாக இறங்கினீர்கள். "இந்தப் பையன் முள்ளங்கியைக் கடிச்சுட்டு அப்படியே வெச்சுட்டானே, எடுத்துடும்மா." அப்படி நான்கு பேர். அந்த நான்கு வரிகளை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். 0.05-க்குக் கீழே வந்தது. நீங்கள் எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தீர்கள்.

மைசூர்பாகைப் பாதியில் வைத்தவர்கள் யாராவது உண்டா என்று நாம் தேடவே இல்லை, சார்.

இத்தனை வருடம் அந்தப் பென்சிலைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் முடிவைப் பார்த்த பிறகு யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று தீர்மானித்தால் எதையும் நிரூபித்துவிடலாம் என்று சிம்மன்ஸ், நெல்சன், சிமன்சோன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2011-இலேயே எழுதிவிட்டார்கள். ஒரு பாட்டைக் கேட்டவர்களுக்கு வயதே குறைந்ததாகக் கணக்குக் காட்டி அதை விளக்கியிருந்தார்கள். நாம் சோதனை செய்ததற்கு முந்தைய வருடம் அது. நான் படித்திருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. ஃபெல்லோஷிப் முடிய ஐந்து மாதம் இருந்தது. ஒரு கட்டுரையாவது வெளிவராமல் ஆய்வேடு கொடுக்க முடியாது என்ற 2009 விதி கழுத்தில் இருந்தது. உங்களுக்கு என்ன நெருக்கடி இருந்தது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பஸ் டிப்போ வாசலில் கண்டக்டர்களிடம் கேள்வித்தாள் வாங்க, மே மாத வெயிலில் என்னோடு மூன்று நாள் நின்றீர்களே. காலியாக விட்ட கட்டங்களை நானே நிரப்பட்டுமா என்றபோது, "அது அவங்க பதில்மா, நம்மோடது இல்ல" என்றீர்கள். அந்த ஒன்றுக்காகவே உங்களை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அப்படிச் சொன்னவர் எப்படி சார் அந்தப் பென்சிலை எடுத்தீர்கள்?

2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 2,000 பேருக்கு மேல் சோதித்து, மன உறுதி தீர்ந்துபோகும் அந்த விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம் என்று சொன்ன அன்று உங்களைக் கூப்பிட்டேன். "விடும்மா, உனக்குத்தான் வேலை கிடைச்சாச்சே" என்றீர்கள். அது எனக்கு ஆறவே இல்லை. அப்புறமும் ஒன்பது வருடம் வாயைத் திறக்காமல் அதே வேலையில் இருந்தேன் என்பதும் உண்மை.

போன மாதம் என் ஆய்வு மாணவி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். "மேம், இந்த ஆறு பேரை எடுத்துட்டா சிக்னிஃபிகன்ட் ஆயிடும். எடுத்துடவா?" அன்று ராத்திரியே இதழுக்கு எழுதினேன். உங்கள் கோடுகள் உள்ள அந்தத் தாளையும், அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டுத் தேதியிட்டிருந்ததையும் ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறேன். வரிகளை அழித்தது நான்தான் என்றும் எழுதியிருக்கிறேன்.

இதழிலிருந்து உங்களுக்கும் கடிதம் வரும். சம்மதமா என்று கேட்பார்கள். சம்மதமில்லை என்றால் அப்படியே எழுதுங்கள், சார். பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் மாணவி