டார்ச் வெளிச்சத்தில் தெரிந்த முகம்

ரங்கூன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கால் வலி குறைந்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே அனைவரும் சுகம். போன மாதம் பீலிக்கான் கோயிலுக்குப் போயிருந்தோம். உன் பேரிலும் ஒரு தேங்காய் உடைத்தேன்.

மகன் வாங்கியிருக்கும் ஓஎல்இடி டிவியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். கறுப்பு என்றால் மை போலக் கறுப்பு, இரவுக் காட்சி வந்தால் அறையே இருண்டுவிடுகிறது என்கிறாய். உண்மைதான். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, கறுப்பு வேண்டிய இடத்தில் தானே அணைந்துவிடுகிறது. எல்சிடியில் பின்விளக்கு எந்நேரமும் எரியும். முன்னால் இருக்கும் திரவப் படிகம் ஜன்னல் கதவு மாதிரி அதைத் தடுக்கும். எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும்.

"எல்சிடி காலம் முடிஞ்சு போச்சு, இனி உனக்கு டிவி ரிப்பேர் கடையில் என்ன வேலை?" என்று கேட்டிருந்தாயே, அதுதான் மூன்று நாளாக மனசில் ஓடுகிறது.

போன வாரம் பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர் 32 அங்குல எல்சிடி டிவியைச் சைக்காவில், அதாவது சைக்கிள் ரிக்ஷாவில், ஏற்றிக்கொண்டு பேரனோடு வந்தார். "சத்தம் வருது தம்பி, படம்தான் இல்லை." கடைக் கதவைப் பாதி இறக்கி இருட்டாக்கினேன். டார்ச்சைத் திரைமேல் சாய்த்துப் பிடித்தேன். வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும், கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல, செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் மங்கலாகத் தெரிந்தது. உதடு அசைந்தது. பாட்டி குனிந்து பார்த்துவிட்டு, "அட, உள்ளேதான் இருக்கா!" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். படம் இருக்கிறது, வெளிச்சம்தான் போய்விட்டது. கண்ணாடியை நானும் கடைப் பையனும் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்துத் தூக்கினோம். ஓரத்து மெல்லிய ரிப்பன் கேபிள் ஒன்று பிய்ந்தாலும் திரையில் நிரந்தரமாகக் கோடு விழுந்துவிடும் என்பது உனக்குத் தெரியாததா! வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளைத் தாள்களை எடுத்தால் கீழே மூன்று எல்இடி பட்டைகள். நடுப்பட்டையில் ஒரு விளக்கின் மத்தியில் கடுகளவு கறுப்பு. எல்லாம் வரிசையாகக் கோத்தவை, ஒன்று போனால் அத்தனையும் படுத்துவிடும். மூன்று பட்டைகளையும் மாற்றி, பின்விளக்குக்குப் போகும் கரண்டையும் கொஞ்சம் குறைத்து வைத்தேன். வெளிச்சம் இம்மி குறையும், ஆயுள் கூடும்.

1980இல்தான் பர்மாவுக்கு டிவியே வந்தது. பிறகு நாம் மாஸ்டரிடம் வேலை படித்தபோது, பழைய பெட்டி டிவியின் பிக்சர் டியூப் மங்கினால் ஹீட்டருக்குக் கொஞ்சம் வோல்டேஜ் கூட்டி இன்னும் ஒரு வருஷம் ஓட்டிக் கொடுப்போமே, ஞாபகம் இருக்கிறதா? அதே வேலையைத்தான் இன்றைக்கும் செய்கிறேன்.

உன் மகன் டிவியில் அதற்கு வழியில்லை. விளக்கும் படமும் அங்கே ஒரே உடம்பு. பவர் போர்டு போனால் பார்க்கலாம், பேனல் போனால் பேனலையே மாற்ற வேண்டியதுதான். ஒரே சேனலின் சின்னம் நாள் முழுக்க ஒரு மூலையில் நின்றால் அந்தத் தடம் பதிந்துவிடவும் கூடும். அவனிடம் சொல், பார்த்து முடித்ததும் சுவர் ஸ்விட்சை அணைக்க வேண்டாம். ரிமோட்டில் மட்டும் அணைக்கட்டும். அதற்குப் பிறகுதான் பேனல் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்கிறது. இங்கே கரண்ட் முறை வைத்து வருகிறது. எங்கள் ஊரில் அந்த டிவிக்கு அந்த அவகாசம்கூடக் கிடைக்காது.

எல்சிடி போகிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. விலை கூடிய போன்களில் ஏறக்குறைய போயே விட்டது. 2025இல் ஐபோன் வரிசையில் கடைசி எல்சிடியும் நின்றது. சாம்சங் 2022இலேயே எல்சிடி பேனல் செய்வதை விட்டுவிட்டது. எனக்கு வருத்தமாக இருந்தது ஷார்ப் செய்திதான். 1973இலேயே எல்சிடி வைத்த கால்குலேட்டரை விற்றவர்கள். ஜப்பானில் சகாய் ஊரில் 2009இல் திறந்த அவ்வளவு பெரிய ஆலையில், 2024 ஆகஸ்டோடு டிவி பேனல் செய்வதை நிறுத்திவிட்டார்கள். சீனாவில் குவாங்சோவில் இருந்த எல்ஜியின் எல்சிடி ஆலையும் 2025இல் சீனக் கம்பெனி டிசிஎல் கைக்குப் போனது. டிவி பேனல் என்றால் இப்போது பெரும்பாலும் சீனாதான்.

ஆனால் மாப்பிள்ளை, கடைக்குப் போனால் பெட்டிமேல் போட்டிருக்கும் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதே. கியூஎல்இடி என்று விற்கிறார்களே, பெரும்பாலும் அதுவும் எல்சிடிதான். பின்விளக்குக்கும் திரைக்கும் நடுவில் நிறத்தைத் தூக்கிக் காட்டும் குவாண்டம் டாட் தாள் ஒன்று கூடுதல். மினி எல்இடியும் அப்படியே. பின்னால் ஆயிரக்கணக்கில் குட்டி விளக்குகளை வைத்து, இருட்டான பகுதிக்குப் பின்னால் மட்டும் அணைக்கிறார்கள். அத்தனை விளக்கையும் அதை ஓட்டும் சில்லுகளையும் நான் எந்த மேஜையில் வைத்து மாற்றுவது? எனக்குப் பயம் ஓஎல்இடியைப் பார்த்து இல்லை, இதைப் பார்த்துத்தான். எல்சிடி என்ற பெயர் போனால் போகட்டும். பாட்டி மாதிரி ஆட்கள் ஒரு டிவியைப் பத்து வருஷம் வைத்துக்கொள்ளும் வழி போகக்கூடாது. அவருக்கு இன்னொன்று வாங்க வசதி இல்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. பரவாயில்லை. திரை நொறுங்கிப்போன 43 அங்குல டிவி ஒன்றின் பட்டைகளை மூன்று மூன்று விளக்காகப் பிரித்து, ரெசிஸ்டர் போட்டு, 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்து மேஜைக்கு மேலே கட்டியிருக்கிறேன். அந்த டிவியின் வெள்ளைத் தாளையே முன்னால் போர்த்திவிட்டதால் கை நிழல்கூடக் காகிதத்தில் விழவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள்.

அப்புறம் ஒரு உதவி. சென்னை ரிச்சி தெருப் பக்கம் போனால் 32 அங்குலத்துக்கு எல்இடி பட்டை என்ன விலை என்று விசாரித்து எழுது. ஒவ்வொரு விளக்கின் மேலும் இருக்கும் குட்டி லென்ஸ் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் தட்டிப் பார். இங்கே வருவதில் பாதி உதிர்ந்துவிடுகிறது.

அன்புடன்,
உன் பழைய கடைக் கூட்டாளி