செம்பவாங் உலர்துறையைத் தூர்த்துவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாளையொட்டி ஒவ்வொரு பிப்ரவரியிலும், தீவின் வடக்குக் கரையில் பிரிட்டன் கட்டிய செம்பவாங் கடற்படைத் தளத்தைப் பற்றி யாராவது எழுதுகிறார்கள். எழுதுகிறவர்களில் பலர், ‘பீரங்கிகளைத் தவறான திசையில் வைத்துவிட்டார்கள்’ என்ற ஒரு வரியோடு தளத்தின் கதையையே முடித்துவிடுகிறார்கள். சாங்கியில் இருந்த மூன்று 15 அங்குலப் பீரங்கிகளில் இரண்டு, ஜப்பானியர் தரைவழியாக வந்த ஜோகூர்ப் பக்கம் திரும்பக்கூடியவை. திரும்பிச் சுடவும் செய்தன. ஆனால் அவற்றுக்குக் கொடுக்கப்பட்டிருந்த குண்டுகளில் பெரும்பாலானவை போர்க்கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கானவை என்பதால் காலாட்படைக்கு எதிராக அதிகம் பயன்படவில்லை.

தளம் தோற்றதற்குக் காரணம் அங்கே கப்பல் இல்லாததுதான். ஜப்பானுடனான கூட்டு முறியும் நிலையில் இருந்தபோது, கிழக்கில் ஒரு பெரிய கப்பற்படையை நிரந்தரமாக நிறுத்தப் பணமில்லாத பிரிட்டன், கப்பல்களை ஐரோப்பாவிலேயே வைத்துக்கொள்ளலாம், ஆபத்து வந்தால் அனுப்பலாம், அவை வந்து எண்ணெய் நிரப்பவும் பழுதுபார்த்துக்கொள்ளவும் ஓரிடம் இருந்தால் போதும் என்று 1921இல் முடிவு செய்தது. அப்படி வந்துசேர 42 நாள் ஆகும் என்று தொடக்கத்தில் போட்ட கணக்கு, 1939இல் 180 நாளாக நீண்டுவிட்டது. கடைசியில் 1941 டிசம்பர் 2ஆம் தேதி வந்துசேர்ந்த ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரு பெரிய கப்பல்களும் எட்டே நாளில் மலாயாவின் கிழக்குக் கரையை ஒட்டிய குவாந்தான் கடலில் மூழ்கின.

தளத்தைக் கட்டிய பணம் எல்லாம் லண்டனிலிருந்து வந்துவிடவில்லை. ஜோகூர் சுல்தான் ஐந்து லட்சம் பவுண்டும், மலாய்க் கூட்டு மாநிலங்கள் இருபது லட்சமும் கொடுத்தன. அந்த மாநிலங்களின் வருமானத்தில் ரப்பருக்கு இருந்த பங்கையும், ரப்பர் மரத்தைச் சீவியவர்களில் பலர் நம் தமிழர்கள் என்பதையும் உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் தந்தை அங்கே ‘கிங் ஜார்ஜ் VI’ உலர்துறையில் வேலை பார்த்தவர். 1938 பிப்ரவரி 14ஆம் தேதி ஆளுநர் ஷென்டன் தாமஸ் திறந்துவைத்த அந்தத் துறை ஏறத்தாழ 1,000 அடி நீளமுடையது. கப்பலை உள்ளே விட்டு, வாயிலை அடைத்து, நீரை இறைத்துவிட்டால் கப்பல் மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்துவிடும். அடிப்பாகத்தில் அப்பியிருக்கும் சிப்பியைச் சுரண்ட அதன்பிறகுதான் ஆட்கள் இறங்குவார்கள். மாலையில் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் கூட்டமாக வெளியே வரும். அப்பாவின் சட்டையில் சிப்பி வாடையும் சிவப்புப் பெயின்டும் இருக்கும். அம்மா அதை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத்தான் துவைப்பார். எங்கள் குடியிருப்பில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கும். செம்பவாங் என்று யாரும் சொன்னதில்லை, எல்லாருக்கும் அது ‘நேவல் பேஸ்’தான்.

கடற்படைத் தளம் என்பதன் உயிர் இந்த உலர்துறை போன்ற இடத்தில்தான் இருக்கிறது என்பதைச் சண்டையிட்டவர்கள் அறிந்திருந்தார்கள். தீவைப் பிடித்த ஜப்பானியர் இதையே பயன்படுத்தினர். 1944 நவம்பரில் அமெரிக்க பி-29 விமானங்கள் இந்தத் துறையைக் குறிவைத்தே குண்டு வீசின. போருக்குப் பின் பிரிட்டனின் தூரகிழக்குக் கப்பற்படை இங்கேதான் பழுதுபார்க்கப்பட்டது.

‘1971இல் தளம் மூடப்பட்டது’ என்று எழுதுவதும் சரியல்ல. பிரிட்டிஷ் படைகள் 1971 முடிவுக்குள் வெளியேறும் என்று பிரதமர் ஹெரால்ட் வில்சன் 1968 ஜனவரியில் அறிவித்தபோது, சிங்கப்பூரின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தப் படைகளின் செலவை நம்பியிருந்தது. வேலையிழந்து ஊர் திரும்பியவர்கள் பலர். ஆனால் கப்பல் பட்டறை அதே ஆண்டு டிசம்பரில், பெயரளவுக்கு ஒரு டாலர் விலையில், சிங்கப்பூரின் கைக்கு வந்து வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கத் தொடங்கியது. அப்பா வெள்ளைக்காரர் காலத்தில் இறங்கிய அதே படிகளில் கப்பல் பட்டறைக் கம்பெனியின் காலத்திலும் இறங்கி ஓய்வு பெற்றார். 1992இல் பிலிப்பீன்சின் சூபிக் விரிகுடாவிலிருந்து வெளியேறிய அமெரிக்கக் கடற்படையின் தளவாடப் பிரிவும் செம்பவாங்கிற்கே வந்தது. 1938 திறப்பு விழாவுக்கு மூன்று அமெரிக்கப் போர்க்கப்பல்கள் விருந்தாளிகளாக வந்திருந்தன என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது.

இப்போது கப்பல் பட்டறை தீவின் மேற்குக் கோடியிலுள்ள துவாசுக்கு இடம்பெயர, அந்தக் கரை மக்கள் வந்துபோகும் இடமாக மாற இருக்கிறது. அதை நான் எதிர்க்கவில்லை. அதிகாரிகளின் பழைய பங்களாக்களைப் பாதுகாப்பதில் காட்டும் அக்கறையை உலர்துறைக்கும் காட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அதை மண் கொட்டித் தூர்க்காமல், படிகளும் வாயிலும் தெரியும்படி விட்டு, அங்கே வேலை செய்தவர்களைப் பற்றி நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் ஒரு பலகை வைக்கலாம். குடியிருப்பில் வளர்ந்தவர்களில் என் வயதுக்காரர்கள் இன்னும் சிலர் ஈசூனிலும் செம்பவாங்கிலும் இருக்கிறோம். பலகையில் என்ன எழுதுவது என்று கேட்டால் சொல்லத் தயாராக உள்ளோம்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர்,
ஈசூன்