தீபாவளியன்று நீ கேட்ட கேள்விக்கு

அன்புள்ள தம்பி,

ஒரே சோபாவில்தான் உட்கார்ந்திருந்தோம். ஆனாலும் உன் கேள்வி வாட்ஸ்அப்பில் வந்தது: "ஸ்பீச் தெரபிக்குப் போனா இந்தத் திக்குவாய் போயிடுமாண்ணே? 28 வயசாச்சு." வாயால் கேட்காமல் ஏன் எழுதி அனுப்பினாய் என்று எனக்கு நீ விளக்க வேண்டியதில்லை.

அடியோடு போவது அரிது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திக்கும் சிறுபிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது தானாகவே விலகிவிடும். நூறு பெரியவர்களில் ஏறக்குறைய ஒருவருக்கு, நம்மைப் போல், அது கூடவே தங்கிவிடுகிறது. பேச்சை மூளை இயக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு அது, பரம்பரைக்கும் பங்குண்டு. பயந்த சுபாவத்தால் வருவதில்லை. என் அம்மா இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் வசம்பு வாங்கிவந்து என் நாக்கில் தேய்ப்பார். 'பேர் சொல்லா மருந்து' என்பார் அதை. எனக்கோ சொந்தப் பேரைச் சொல்வதுதான் பெரும்பாடு. கட்டாய தேசிய சேவைப் பயிற்சியில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லும்போது, என் முறை நெருங்க நெருங்க வயிறு கலங்கும். மற்றதற்கெல்லாம் வேறு சொல் தேடலாம், பெயருக்கு எங்கே போவது?

ஆனாலும் நீ போக வேண்டும் என்றுதான் சொல்வேன்.

எனக்குப் பிடித்தது தே ஓ, பால் சேர்க்காத தேநீர். பத்து வருடம் மைலோதான் குடித்தேன், 'த' வராது, 'ம' வரும் என்பதால். சிகிச்சையாளர் முதலில் கேட்டது எத்தனை முறை திக்குகிறது என்பதை அல்ல, திக்கிவிடுமோ என்று எதையெல்லாம் விட்டேன் என்பதைத்தான். மைலோவில் தொடங்கி, போகாமல் விட்ட ஒரு பதவி உயர்வு நேர்காணல் வரை எழுதினேன். எழுதும்போதே அழுகை வந்தது.

அப்புறம்தான் பயிற்சி. சொல்லை மென்மையாகத் தொடங்குவது, சிக்கிக்கொண்டால் முட்டித் தள்ளாமல் இறுக்கத்தைத் தளர்த்தி வெளியே வருவது. மாதக்கணக்கில் பழக வேண்டும், விட்டால் பழையபடி ஆகும். எல்லாவற்றிலும் கடினம், பயம் குறைவதற்காக வேண்டுமென்றே திக்குவது. காப்பிக் கடையில் நானாகவே "த-த-த-தே ஓ" என்றேன். கால் நடுங்கியது. கடைக்கார ஆன்ட்டி ஐஸா, சூடா என்று மட்டும் கேட்டார்.

கல்யாணப் பேச்சு நடக்கிறது, வீட்டில் தள்ளுகிறார்கள் என்பதற்காகப் போவதாக இருந்தால் இப்போது வேண்டாம். திக்கிவிடுமோ என்று நீ விட்டுவைத்த ஒரு 'தே ஓ' உனக்கே இருந்தால் போ. பாலிகிளினிக் எனும் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் பரிந்துரை வாங்கினால் அரசாங்க மருத்துவமனையில் மானியக் கட்டணம் கிடைக்கும். அங்குள்ள சிகிச்சையாளர்கள் பலர் பக்கவாதம் வந்தவர்களையும் விழுங்கச் சிரமப்படுபவர்களையுமே அதிகம் பார்ப்பார்கள். அதனால், திக்கும் பெரியவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேள். முழுக் குணத்துக்கு உத்தரவாதம் தருகிறவரிடம் போகாதே.

மருந்தகத்துக்கு போன் செய்ய வேண்டியதில்லை, ஹெல்த்ஹப் செயலியிலேயே நேரம் வாங்கலாம். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். உனக்காகப் பேச மாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அண்ணன்