வாரத்துக்கு இரண்டு பீரியட்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா தன் மகளின் அறிவியல் நோட்டை என் மேசையில் விரித்து வைத்தார். இரண்டு பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல். பாதியில் நின்ற ஒரு அட்டவணை. ஓரத்தில் "கடிகாரம் தப்பா?" என்று பென்சிலில் ஒரு கேள்வி. "சார், இதுல பாடமே இல்லையே" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். நான் அப்போது அவசரத்தில் சொன்ன பதில் போதாது என்பதால் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

இந்த ஆண்டு ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் வாரத்துக்கு இரண்டு பீரியடை, பிள்ளைகள் தாங்களே கேள்வி கேட்டுத் தாங்களே விடை தேடுவதற்கு ஒதுக்கியிருக்கிறோம். ஆசிரியர் கூடவே இருப்பார். விடையை மட்டும் முந்திக்கொண்டு சொல்ல மாட்டார்.

அந்த நோட்டில் இருந்தது இதுதான். உச்சிப்பொழுது என்றால் சரியாகப் பன்னிரண்டு மணியா என்று வகுப்பில் பேச்சு வந்தது. நிழல் மிகக் குட்டையாகும் நேரம்தான் உச்சி என்பதால், மைதானத்தில் 1 மீட்டர் குச்சி ஒன்றை நட்டார்கள். அது நேராக நிற்கிறதா என்று பார்க்க, கொத்தனார் வேலை செய்யும் ஓர் அப்பா தன் தூக்குக்குண்டைக் கொடுத்தனுப்பினார். (அவருக்கு எங்கள் நன்றி.) பன்னிரண்டு அடித்தும் நிழல் சுருங்கிக்கொண்டேதான் இருந்தது. 12.15க்கு மேல் ஸ்கேலில் வித்தியாசமே தெரியவில்லை, 20 செ.மீ. சொச்சத்தில் நின்றுவிட்டது. அதுவும் தெற்குப் பக்கமாக விழுந்தது. கடிகாரம்தான் தப்பு என்றார்கள். ஆசிரியரின் போனைப் பார்த்தால் அதிலும் அதே நேரம். முதல் நாள் அப்படியே முடிந்தது.

மறுநாள் ஒரு மாணவி வேறு வழி சொன்னாள். நிழல் சுருங்கும்போது 25 செ.மீ. வருகிற நேரத்தைக் குறிப்போம், திரும்ப நீளும்போது அதே 25 வருகிற நேரத்தையும் குறிப்போம், இரண்டுக்கும் நடுவை எடுப்போம் என்றாள். 11.51, 12.57. நடு 12.24. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருட வேலையில் மறக்க முடியாத நிமிடங்களில் அது ஒன்று.

அப்புறம் ஒரு பையன், சென்னையில் இருக்கும் தன் மாமா மகனை அதேபோல அளக்கச் சொன்னான். அங்கே 12.15. ஒரே வெயில், ஒரே கடிகார நேரம், ஏன் 9 நிமிடம் வித்தியாசம்? அதற்குப் பிறகு புவியியல் புத்தகத்தை அவர்களாகவே எடுத்தார்கள். நம் நாட்டு நேரம் உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கம் போகும் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். அங்கிருந்து மேற்கே ஒரு டிகிரி தள்ளினால் 4 நிமிடம் தாமதம். மதுரைப் பக்கம் இருக்கும் நமக்குச் சுமார் 18 நிமிடம். அப்படியானால் 12.18தானே வர வேண்டும்? மீதி 6 நிமிடம் எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வி இன்னும் கரும்பலகையின் மூலையில் அழிக்காமல் இருக்கிறது.

போர்ஷன் முடியுமா என்ற பயம் உங்களுக்கு இருக்கும். ஆசிரியர்களுக்கும் இருந்தது. நோட்ஸ் சொல்லி எழுத வைக்கும் நேரத்தைக் குறைத்துத்தான் இந்த இரண்டு பீரியடை எடுத்திருக்கிறோம். ஸ்லிப் டெஸ்ட் எதுவும் நிற்காது. வேதியியல் வாய்பாடு, இலக்கண விதி போன்றவற்றை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும், அதில் மாற்றமில்லை. மதிப்பெண் கூடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. தானே அளந்து பழகிய பிள்ளை அங்கே தடுமாறாது என்று நம்புகிறேன்.

அரசுப் பள்ளிகளில் ஆறிலிருந்து எட்டு வரை, 2022இல் தொடங்கிய வானவில் மன்றத்தில் பிள்ளைகள் கையால் செய்து பார்த்துப் பழகுகிறார்கள். ஒன்பதாவதில் காலை வைத்ததும் பொதுத்தேர்வைக் காட்டி அதை நாமே நிறுத்திவிடுகிறோம். யோசிக்கும் திறன் நன்றாகக் கூடிவரும் வயதில் இப்படிச் செய்வது எனக்கு நெடுநாள் வருத்தம்.

உங்களிடம் கேட்பது இரண்டு. வீட்டில் பிள்ளை ஒரு கேள்வியோடு உட்கார்ந்திருந்தால் உடனே போனில் தேடிக் கொடுத்துவிடாதீர்கள். "நீ என்ன நினைக்கிற?" என்று கேளுங்கள். நோட்டில் அடித்தல் இருந்தால் திட்டாதீர்கள், எழுதியதை அழிக்க வேண்டாம் என்று நாங்கள்தான் சொல்லியிருக்கிறோம். தவறான அளவையும் விட்டுவைத்தால்தான் அடுத்த அளவு ஏன் மாறியது என்று தெரியும்.

இன்னொன்று, உங்கள் தொழிலில் உள்ள விஷயம் எங்களுக்கு வேண்டும். மல்லிகை மொட்டு ஏன் சாயங்காலம் பார்த்து விரிகிறது என்று பத்தாம் வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். பூத்தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒரு பீரியட் வந்து பேசினால் உதவியாக இருக்கும்.

நவம்பர் முதல் வாரத்தில், மழை விட்டால், அதே இடத்தில் அதே குச்சியை மறுபடி நடப்போகிறோம். நிழல் எந்தப் பக்கம் விழும், உச்சி எத்தனை மணிக்கு வரும் என்று ஒவ்வொருவரும் இப்போதே எழுதி உறையில் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். முடிந்தவர்கள் காலை 11.30க்கு மைதானத்துக்கு வாருங்கள். விடையை இங்கே எழுதவில்லை. இந்தக் கடிதத்தைப் பிள்ளைகளும் படிப்பார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்